நல்ல வார்த்தை கொண்டுபோனவர்கள்

கழுத்தில் அளவு நாடா தொங்க, தையல்காரர் வகுப்பு வாசலில் வந்து நின்றதைப் பார்த்ததும், பிள்ளைகளுக்கு மார்க்கப் பாடம் நடத்திக்கொண்டிருந்த உஸ்தாத் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டார்.

வந்தவர் வெறும் தையல்காரராக மட்டும் இருந்திருந்தால் பாடம் நின்றிருக்காது. பள்ளிவாசல் நிர்வாகத்தின் தலைவரும் அவர்தான். பள்ளிவாசலுக்கு நேர் எதிரே கடை. தைக்க உட்கார்ந்துவிட்டால் இடி விழுந்தாலும் எழுந்திருக்காத மனிதர். அவர் பாதி தைத்த சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்திருக்கிறார் என்றால், விஷயம் சின்னதாக இருக்க முடியாது.

"உஸ்தாத், ஒரே ஒரு கேள்வி. ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"கேளுங்க தலைவரே."

"பக்கத்துக் கடைக்காரன் என்னைப் பத்தி நல்லபடியாப் பேசினானாம். என்னை மாதிரி காலர் வெச்சுத் தைக்க இனிமே ஒருத்தன் பிறந்துதான் வரணும்னு சொன்னானாம். இதோ முன்னால உக்காந்திருக்கே, இந்தப் பொண்ணுதான் வந்து சொல்லிட்டுப் போச்சு. நிஜமா?"

முன்னால் உட்கார்ந்திருந்தது மின்னல். வாய் அந்த வேகத்தில் ஓடும் என்பதால் வகுப்பே சேர்ந்து வைத்த பெயர். இப்போது அந்த வாய் கெட்டியாக மூடியிருந்தது. முகத்தில் மட்டும் ஒரு பெரிய தர்மகாரியம் செய்துவிட்ட திருப்தி.

பக்கத்துக் கடைக்காரர் என்றால் மருந்துக்கடைக்காரர். நிர்வாகத்தின் செயலாளர். அவருடைய தங்கையைத்தான் தையல்காரர் கட்டியிருக்கிறார். இரண்டு கடைக்கும் ஒரே சுவர், இரண்டு குடும்பத்துக்கும் ஒரே உறவு. ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. மருந்துக்கடைக்காரர் சில வருஷங்களுக்கு முன் மாட்டிய பச்சை விளக்குப் பெயர்ப்பலகை தையல்காரரின் பலகையில் பாதியை மறைத்துவிட்டது. அன்றிலிருந்து தையல் கடைக்குப் பாதிப் பெயர்தான், மச்சான்களுக்குள் முழுப் பகைதான். தைத்த சட்டை தையல்காரரை நினைவுபடுத்தும் என்பதற்காகவே மருந்துக்கடைக்காரர் ரெடிமேட் சட்டை போட ஆரம்பித்து வருஷக்கணக்காகிறது. அப்படிப்பட்டவர் காலரைப் புகழ்ந்தாராம்.

"சொல்லுங்க உஸ்தாத். ஆமாவா, இல்லையா?"

ஆமாம் என்றால் இத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் உஸ்தாத் வாயிலிருந்து பொய். இல்லை என்றால் மின்னல் பொய்க்காரி, கூடவே பகை இன்னும் ஒரு சுற்றுப் பெருத்துவிடும்.

"குழந்தைங்க வாயில வர்றது நல்லதாத்தான் இருக்கும் தலைவரே," என்று ஒரு வழியாகச் சொன்னார்.

தையல்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். மின்னலையும் பார்த்தார். பிறகு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார். மிஷின் ஓடும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்கவே இல்லை.

தப்பு உஸ்தாதுடையதுதான். அதை அவர் தன்னிடமாவது மறைக்கவில்லை. முந்தின வகுப்பில் பிள்ளைகளுக்குச் சமாதானத்தைப் பற்றிப் பாடம் எடுத்திருந்தார். சண்டை போட்ட இரண்டு பேரைச் சேர்த்து வைப்பதற்காக, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நல்ல வார்த்தை கொண்டுபோகிறவர் பொய்யர் ஆகமாட்டார் என்று நபிகள் நாயகம் சொல்லியிருப்பதை எடுத்துச் சொன்னார். உங்களுக்குத் தெரிந்த யாராவது இரண்டு பேரைச் சேர்த்து வைத்துவிட்டு வாருங்கள் என்று வீட்டுப்பாடமும் கொடுத்தார். பென்சிலுக்கும் ரப்பருக்கும் அடித்துக்கொள்கிற அண்ணன் தம்பிகளைத்தான் அவர் மனதில் நினைத்திருந்தார். பிள்ளைகள் தெருவிலேயே பெரிய சண்டை எது என்று பார்த்து, நேராக அங்கே போய்விட்டார்கள்.

இதில் உஸ்தாதுக்குச் சொந்த ஆசையும் கொஞ்சம் இருந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். அவர் வேலை இன்னும் தற்காலிகம். நிரந்தரமாக்க வேண்டுமானால் நிர்வாகக் கூட்டம் நடக்க வேண்டும். கூட்டம் நடக்க வேண்டுமானால் தலைவரும் செயலாளரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். தலைவர் உள்ளே நுழைந்தால் செயலாளருக்குக் கடையில் அவசர வேலை வந்துவிடும். செயலாளர் உட்கார்ந்திருந்தால் தலைவர் வாசலோடு சலாம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். பள்ளிவாசலுக்குப் பின்னாலிருந்த அறையில் உஸ்தாதின் மனைவி வயிற்றில் பிள்ளையோடு, பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். இந்த வேலையும் போனால் அந்த நிலையில் அவளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"பெட்டியைப் பிரிக்கவா?" என்று அன்றைக்கும் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் பொறு. இன்னைக்கு நெலைமை சரியில்ல."

நடந்ததைக் கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். "நீங்க சொல்லிக் கொடுத்ததைத்தானே பிள்ளைங்க செஞ்சிருக்கு?"

"அதுதானே பயமா இருக்கு. இவருகிட்ட மின்னல் போயிருக்கா. அவருகிட்ட யாரு போனாங்களோ."

போனவன் குண்டூசி. உருவத்துக்கு ஏற்ற பெயர். தையல்காரர் சொன்னதாக அவன் மருந்துக்கடைக்காரரிடம் கொண்டுபோன நல்ல வார்த்தை இது: 'உங்க மருந்துல பாதி நோய்தான் போகுதாம். மீதிப் பாதி நீங்க சொல்ற ஆறுதல்ல போகுதாம்.'

அதன் பலன் மறுநாளே தெரிந்தது. வாங்கின மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும்போது அதுவரை தலையைக்கூட நிமிர்த்தாத மருந்துக்கடைக்காரர், ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்து ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார். கடை வாசலில் வரிசை நீண்டது. தலைவலி மாத்திரைக்கு வந்தவர் ஒருவர் அரை மணி நேரம் ஆறுதல் வாங்கிக்கொண்டு, தலைவலி இரண்டு மடங்காகித் திரும்பிப் போனார்.

இரண்டு மச்சான்களும் என்றைக்காவது நேருக்கு நேர் நின்று, நீ இப்படிச் சொன்னாயா, நீ அப்படிச் சொன்னாயா என்று கேட்டுக்கொண்டால் என்ன ஆகும்? குட்டு வெளிப்படும். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவர் என்று பெயர் வரும். அப்புறம் தற்காலிகமும் இல்லை, நிரந்தரமும் இல்லை. உஸ்தாத் அன்று தூங்கவில்லை. அடுத்த வகுப்பில் முதல் வேலையாகத் திருத்தம் போட்டார்.

"இனிமே யாரும் இட்டுக்கட்டக் கூடாது. அவங்க நிஜமா என்ன நல்லது சொன்னாங்களோ, அதை மட்டும்தான் கொண்டுபோகணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது உஸ்தாத்," என்றது வகுப்பு ஒரே குரலில். அந்த ஒற்றுமையைப் பார்த்தே அவர் பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் மின்னல் மூச்சு வாங்க வந்தாள். "உஸ்தாத், மருந்துக்கடைத் தாத்தாகிட்ட கேட்டோம். உங்க மச்சானைப் பத்தி நிஜமா ஒரு நல்லது சொல்லுங்கன்னு. ரொம்ப கஷ்டப்பட்டு யோசிச்சாரு. கண்ணை மூடிக்கூட யோசிச்சாரு."

"ம். என்ன சொன்னாரு?"

"'அவன் கடையைச் சீக்கிரம் மூடிடறான். அது ஒண்ணுதான் நல்லது'ன்னாரு."

"அதைப் போய்ச் சொல்லலையே?"

"சொல்லிட்டேன் உஸ்தாத். ஒரு வார்த்தை கூட்டலை, குறைக்கலை. நிஜத்தை மட்டும்தானே சொல்லச் சொன்னீங்க?"

உஸ்தாத் பக்கத்திலிருந்த பலகையைப் பிடித்துக்கொண்டார். "தையல்காரர் என்ன சொன்னாரு?"

இதற்குப் பதில் சொல்லக் குண்டூசி எழுந்து நின்றான். "அவரும் நிஜமா ஒரு நல்லது சொன்னாரு உஸ்தாத். 'அவன் கடை மருந்தால இதுவரைக்கும் யாருக்கும் கெடுதல் வந்ததில்ல, ஏன்னா அதுல ஒண்ணுமே கிடையாது'ன்னு."

"நீயும் போய்ச் சொல்லிட்டே?"

"உடனே சொல்லிட்டேன்."

அன்றைக்கு ஆரம்பித்தது. அதுவரை இருந்தது ஊமைப் பகை. இப்போது அதற்கு வாய் முளைத்துவிட்டது. இரண்டு பேரும் கடை வாசலில் நின்று ஒருவர் பரம்பரையை ஒருவர் இழுத்துக் கத்தினார்கள். எச்சில் துப்பியதற்கு, குப்பையைத் தள்ளியதற்கு, தும்மியதற்கு என்று தினம் ஒரு காரணம் கிடைத்தது. அதிலும் எப்படித்தான் நேரம் பார்ப்பார்களோ, சரியாக வகுப்பு விடுகிற சமயத்தில்தான் இருவர் முகத்திலும் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். பிள்ளைகள் அத்தனை பேரும் ஓடிப்போய் நடுவில் நிற்பார்கள். ஒரு கூட்டம் இந்தப் பக்கம் கெஞ்சும், ஒரு கூட்டம் அந்தப் பக்கம் கெஞ்சும். நல்ல வார்த்தைகள் இங்கும் அங்கும் ஓடும். கொஞ்ச நேரத்தில் சண்டை அடங்கும். பிள்ளைகள் இரண்டு கடையிலும் கிடைத்த வண்ண வண்ணப் பொத்தானும் தொண்டை மிட்டாயும் பை நிறைய வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

மறுநாள் மறுபடியும்.

உஸ்தாதின் வகுப்பில் இப்போதெல்லாம் யாரும் லீவு போடுவதில்லை. காய்ச்சல்காரப் பிள்ளைகூடக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தது. வகுப்பில் சேராத பிள்ளைகளும் பாயின் ஓரத்தில் இடம் பிடித்தன. வேறு யாராவது என்றால் பூரித்துப் போயிருப்பார்கள். உஸ்தாதுக்கு ஒவ்வொரு புதுத் தலையும் ஒரு புதுச் சாட்சியாகத் தெரிந்தது.

பிள்ளையைக் கூட்டிப்போக வந்த தாய் ஒருத்தி வாசலில் அவரை மடக்கினாள்.

"உஸ்தாத், இவன் வீட்டுல எங்களை நிம்மதியா இருக்க விடமாட்டேங்கிறான். இவங்க அத்தாகிட்ட போய், 'அம்மாவைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க, நான் கொண்டுபோறேன்'னு நிக்கிறான். நாங்க சண்டையே போடலைன்னா நம்பமாட்டேங்கிறான்."

"நான் சொல்லி வெக்கிறேன்மா."

"அதோட, அவரு என்ன சொல்றதுன்னு ரொம்ப நேரம் யோசிச்சாரு உஸ்தாத். அதுலதான் இப்போ நிஜமாவே சண்டை."

உஸ்தாத் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினால், அங்கே மருந்துக்கடைக்காரர் காத்துக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உஸ்தாத், இந்தப் பசங்க நாளைக்கும் வருவாங்களா?"

மிரட்டல் என்பது உஸ்தாதுக்கு உடனே புரிந்துவிட்டது. "மாட்டாங்க, வரவே மாட்டாங்க. நான் பார்த்துக்கறேன். இனிமே ஒரு பிள்ளையும் உங்க கடைப்பக்கம் தலைவெச்சுப் படுக்காது."

மருந்துக்கடைக்காரரின் முகம் சுருங்கிக் கறுத்துப்போனது. "வரமாட்டாங்களா?" என்றார் மெதுவாக. இவ்வளவு கோபத்தை ஒரு மனிதரால் எப்படித்தான் அடக்கிக்கொண்டு பேச முடிகிறதோ என்று நினைத்தபடி உஸ்தாத் அவசரமாகச் சலாம் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

ஆனால் பிள்ளைகளைத் தடுக்க முடியுமா? சமாதானம் செய்யப் போகாதே என்று எந்த உஸ்தாத் சொல்வார்? யோசித்து யோசித்து, பாடத்தையே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தார். சமாதானம் வேண்டாம், கோபத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுப்போம். அது ஆளுக்கு ஆள் தன்னோடு முடிகிற விஷயம். அதில் யாரும் யாரிடமும் எதையும் கொண்டுபோக வேண்டியதில்லை.

"கோபம் வந்தா நின்னுக்கிட்டிருக்கிறவங்க உக்காந்துடணும்," என்றார் நிதானமாக. "உக்காந்தும் போகலைன்னா படுத்துக்கணும். கோபம் நெருப்பு மாதிரி. நெருப்பைத் தண்ணிதான் அணைக்கும். அதனால ஒளூ செஞ்சு முகம், கை, கால் கழுவிக்கணும். இதெல்லாம் நம்ம நபி சொல்லித் தந்தது. அவங்கவங்க கோபத்துக்கு அவங்கவங்க செய்ய வேண்டியது. சரியா?"

"பெரியவங்களும் செய்யணுமா உஸ்தாத்?" என்றான் குண்டூசி.

"பெரியவங்களும்தான்," என்று வாய் தவறி வந்துவிட்டது.

வகுப்பு விட்டது. எதிரே சண்டையும் தொடங்கியது. இன்றைக்குத் தையல்காரரின் மிஷின் சத்தத்தில் இருமல் மருந்துப் பாட்டில் தானாக நகர்ந்து கீழே விழுந்துவிட்டதாம். உஸ்தாத் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் மின்னல் நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"ரெண்டு தாத்தாவும் நின்னுக்கிட்டே கோபப்படறீங்க. உக்காருங்க."

இருவரும் கத்துவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். பிறகு, உஸ்தாத் கண்ணை நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருக்க, தையல்காரர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு கடைப்படிக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். மருந்துக்கடைக்காரரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"கோபம் போயிடுச்சா?" என்றாள் மின்னல்.

"இல்ல," என்றார் தையல்காரர்.

"எனக்கு இன்னும் ஜாஸ்தியாயிடுச்சு," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அப்போ படுங்க."

நிர்வாகத்தின் தலைவரும் செயலாளரும் நடைபாதையில் அக்கம்பக்கமாக மல்லாந்து படுத்தார்கள். உஸ்தாதுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடுங்கள், தூக்கிவிடுங்கள் என்று கத்த வாயைத் திறந்தார். அதற்குள் குண்டூசி பள்ளிவாசல் குழாயடியிலிருந்து பெரிய வாளி ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தான்.

"கோபம் நெருப்பு. தண்ணிதான் அணைக்கும்," என்று அறிவித்துவிட்டு, பாதியை இவர் மேலும் பாதியை அவர் மேலும் நீதி தவறாமல் ஊற்றினான்.

இரண்டு பேரும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்கள். அடுத்த நொடி இரண்டு உடம்பும் குலுங்கத் தொடங்கின. முதலில் தோள், பிறகு வயிறு, பிறகு கால்வரை. தொண்டையிலிருந்து விக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. கூட்டம் கூடிவிட்டது.

"வலிப்பு," என்றார் பழக்கடைக்காரர். "ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல வலிப்பு. யாராவது ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கப்பா."

யாரோ சொன்னார்கள். வண்டி அலறிக்கொண்டு வந்தது. ஆட்கள் இறங்கி, சொட்டச் சொட்ட நனைந்த தலைவரையும் செயலாளரையும் தூக்கி அடுத்தடுத்துக் கிடத்தினார்கள். அவர்கள் ஏதோ சொல்ல முயன்றார்கள், வார்த்தை வரவில்லை. வண்டிக் கதவை மூடுகிறவரை இருவர் தோளும் குலுங்கிக்கொண்டே இருந்தன.

"உஸ்தாத், அவங்களுக்குக் கோபம் போயிடுச்சா?" என்று கேட்டாள் மின்னல்.

உஸ்தாத் காலி வாளியை எடுத்து ஓரமாக வைத்தார். நல்ல பிள்ளைகள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளைகள். இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தனக்குத்தான் தகுதி இல்லை என்று நினைத்தபோது கண்ணில் நீரே வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை என்று இருவரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சாயங்காலம் செய்தி வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று உஸ்தாத் ஒரு பெருமூச்சு விட்டார். ஆனால் உயிர் தப்பியவர்கள் சும்மா இருப்பார்களா? போகச் சொல்லி ஆள் வருவதற்குமுன் தானே போய்விடுவதுதான் மரியாதை.

"பெட்டியைப் பிரிக்கவா?" என்று மனைவி இந்த முறை கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பெட்டிகளின் மேல் துணியைப் போட்டு மூடினாள். "எங்கே போனாலும் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கறதை விட்டுடாதீங்க," என்று மட்டும் சொன்னாள். அது அவருக்கு அழுகையை அதிகமாக்கியது.

அந்தி நேர மஃரிப் தொழுகை முடிந்ததும் தையல் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்கு நடந்தார். சொல்ல வேண்டியதை வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டார். கதவைத் தட்டக் கையைத் தூக்கியவர், ஒரு முறை இறக்கிவிட்டு, மறுபடி தூக்கினார்.

கதவைத் திறந்தது தையல்காரரின் மனைவி. கையில் டீத் தட்டு. தட்டில் ஆவி பறந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும்மா. தலைவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிட்டு ஊரை விட்டுக் கிளம்பலாம்னு வந்தேன்."

"வஅலைக்கும் ஸலாம். ஏன் உஸ்தாத், எங்கே கிளம்பறீங்க?"

"உங்க வீட்டுக்காரரையும் உங்க அண்ணனையும் சேர்த்து வெக்கணும்னு பிள்ளைங்களைத் தூண்டிவிட்டது நான்தாம்மா. பேசாம இருந்தவங்களைக் கத்த வெச்சேன், ரோட்டுல படுக்க வெச்சேன், ஆஸ்பத்திரிக்கே அனுப்பிட்டேன். ஒரு குடும்பம் ஒண்ணு சேரவேண்டியதை நானே கெடுத்துட்டேன். என்னை மன்னிச்சிடுங்க. இனிமே ஒரு பிள்ளையும் இங்கே வந்து தொல்லை கொடுக்காது, அதுக்கு நான் பொறுப்பு."

"ஐயோ, அதை மட்டும் செஞ்சுடாதீங்க," என்றாள் அவள் பதறிப்போய். "உங்களை நிரந்தரமாக்கறதுன்னு ரெண்டு பேரும் எப்பவோ பேசி முடிவு பண்ணியாச்சு."

"ரெண்டு பேரும் பேசியா? எப்போம்மா? எங்கே?"

அவள் உள்ளே ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, டீத் தட்டை ஒரு கையில் தாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"பிள்ளைங்க முதமுதல்ல அந்த நல்ல வார்த்தையைக் கொண்டுவந்த அன்னைக்கே ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுது சமாதானம் ஆயிட்டாங்க உஸ்தாத், ஆனா வெளியே தெரிஞ்சா பசங்க கடைப்பக்கம் வரமாட்டாங்களேன்னு, நாளைக்கு எதைச் சொல்லிச் சண்டை போடலாம்னு உள்ளே உக்காந்து யோசிச்சிட்டிருக்காங்க."